பின்லாந்துக்கு ஒரு மண்வாரி

குன்னூரில் உட்கார்ந்துகொண்டு உலகத்தையே சணல் கயிறு கட்டி இழுத்துவிடப் பார்த்த ஒரே மனிதர் எங்கள் பார்சல் சார்தான். அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. நானே சம்பளப் பட்டியலில் அடித்திருக்கிறேன். பியூனிலிருந்து பிரின்சிபால் வரை ஒருவர் வாயிலும் அது வந்து நான் கேட்டதில்லை.

எங்கள் கல்லூரி டிசைன் துறையில் அவர் தற்காலிக விரிவுரையாளர், நான் டைப்பிஸ்ட். இமெயில் இன்னும் மலையேறாத காலம். பாடத்தில் வெளிநாட்டுப் பார்வை வேண்டும் என்று யுனிவர்சிட்டியிலிருந்து சர்க்குலர் வந்தது. மற்ற கல்லூரிகள் ஆளுக்கொரு வெள்ளைக்காரரைப் பிடித்து, மாலை போட்டு, போட்டோ எடுத்துக் கடமையை முடித்துக்கொண்டன. இவரோ, "ஆளு எதுக்குங்க? அவங்க கஷ்டம் இங்க வரட்டும், நம்ம கஷ்டம் அங்க போகட்டும்" என்று கிளம்பிவிட்டார். பின்லாந்தில் ஒரு கல்லூரிக்குக் கடிதத்துக்கு மேல் கடிதம். அடித்தது யார்? நான்தான்.

அங்கிருந்து முதல் பார்சல் வந்ததும் கத்தரிக்கோலை ஒளித்து வைத்துவிட்டார். முடிச்சை அவிழ்த்துத்தான் பிரிக்க வேண்டுமாம், அவர்கள் கை எப்படி வேலை செய்கிறது என்று அதில் தெரியுமாம். இருபத்திரண்டு மாணவர்கள் இரண்டரை மணி நேரம் ஒரு முடிச்சோடு மல்லுக்கட்டினார்கள். ஆபீஸ் கடிகாரத்தையும் பின்லாந்து நேரத்துக்குத் திருப்பி வைத்தார். அதை நம்பி நான் இரண்டு நாள் வீட்டுக்குப் போகும் அருவங்காட்டுப் பஸ்ஸைக் கோட்டைவிட்டேன்.

ஏற்பாடு இதுதான். அங்கே தனியாக இருக்கும் வயதான பெண்கள் வாசல் பனியை அள்ள எங்கள் பிள்ளைகள் ஒரு மண்வாரி செய்ய வேண்டும். இங்கே கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு அந்த ஊர்ப் பிள்ளைகள் ஒரு பை செய்ய வேண்டும். யுனிவர்சிட்டி கமிட்டி வந்து பார்க்கும். அவர்களுக்குப் பிடித்தால் பாடமும் இருக்கும், பார்சல் சார் வேலையும் இருக்கும். பிடிக்காவிட்டால் மார்ச்சோடு இரண்டும் காலி என்று பிரின்சிபால் கறாராகச் சொல்லிவிட்டார்.

பனிக்கு எங்கே போவது? மர மில்லில் ஈர மரத்தூளைக் குவித்தார். "அம்மணி, நீங்கதாங்க பின்லாந்துப் பாட்டி" என்று என்னைக் கூப்பிட்டார். எனக்கு அப்போது முப்பத்து நாலு வயது. வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. ஆனாலும் இரண்டு ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு, பிள்ளைகள் செய்த மண்வாரியால் குனிந்து அள்ளினேன். எங்கள் வீட்டு விளக்குமாறு மாதிரிக் கைக்கு அடக்கமான குட்டைப் பிடி. பிரமாதம் என்று நானே சான்றிதழும் கொடுத்தேன். அதே மாதிரி இன்னொன்று செய்து பின்லாந்துக்குப் பார்சல் போனது.

அங்கிருந்து வந்த பையும் அழகுதான். இடுப்பில் முன்பக்கம் கட்டிக்கொள்ள வேண்டும். எஸ்டேட்டில் ராஜம்மா என்ற அக்காவிடம் கொடுத்தோம். இலங்கையிலிருந்து பந்தலூருக்கு வந்து, இங்கே வாழ்க்கைப்பட்டவர். கட்டிக்கொண்டு மளமளவென்று பறித்தார். பறித்ததையெல்லாம் வழக்கம்போல் தோளுக்குப் பின்னால் வீசினார். பின்னால்தான் கூடை இல்லையே! இலை மொத்தமும் பின்னால் நின்ற பிரின்சிபால் தலையில் விழுந்தது. "பை நல்லாத்தான் இருக்கு தொரை, கை கேக்க மாட்டேங்குது" என்றார் ராஜம்மா. "இதத் தைச்ச புள்ளைகள ஒரு நாளைக்கு வந்து பறிச்சுப் பாக்கச் சொல்லுங்க." பார்சல் சார் தேயிலைச் செடிகளுக்கு நடுவே குதியாட்டமே போட்டுவிட்டார்.

அடுத்த வாரம் நிஜமான பின்லாந்துப் பாட்டியின் கடிதம் ஆங்கிலத்தில் வந்தது. இரண்டு தடவை அள்ளினாராம். குனிந்த இடுப்பை நிமிர்த்தப் பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வர வேண்டியிருந்ததாம். இது எந்த வயதுக் குழந்தைக்காகச் செய்தது என்றும் கேட்டிருந்தார். நாங்கள் குனிந்தே கூட்டுகிறவர்கள், குனிந்தே களையெடுக்கிறவர்கள். உலகமே குனியும் என்று நினைத்துவிட்டோம். பார்சல் சார் அதை நோட்டீஸ் போர்டில் ஒட்டி, பரிசு வாங்கியவர் மாதிரிப் பக்கத்திலேயே நின்றார்.

பிரின்சிபால் அதைக் கிழித்தெடுத்து என் மேஜையில் போட்டார். பாட்டி கடிதமும், ராஜம்மா சொன்னதை நான் அடித்து வைத்திருந்த தாளும் கமிட்டி ரிப்போர்ட்டில் வரவே கூடாது, போட்டோ மட்டும் போதும் என்று என்னிடம் உத்தரவு. பார்சல் சார், மேஜையில் கிடந்த சணலை முடிச்சுப் போட்டுப் போட்டு அவிழ்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பார்க்கவே பொறுக்கவில்லை.

கமிட்டி வந்த அன்று அதன் தலைவர் ரிப்போர்ட்டைப் புரட்டினார். நடுவில் நிறுத்தினார். "அந்த மண்வாரியக் கொண்டாங்க" என்றார். ஆறடி மனிதர். குனிந்தார், இடுப்பு பிடித்துக்கொண்டது, இரண்டு பேர் தாங்கி உட்கார வைத்தோம். பிரின்சிபாலுக்கு முகத்தில் ரத்தமே இல்லை.

வலியோடே தலைவர் சிரித்தார். "எல்லாக் காலேஜிலயும் மாலை போட்ட போட்டோதான் காட்டறாங்க. எங்க தப்புப் பண்ணினோம்னு எழுதிக் குடுத்தது நீங்கதான். இந்தப் பாடம் இருக்கட்டும், இவரும் இருக்கட்டும்" என்று அங்கேயே கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் பார்சல் சார் என் மேஜை முன்னால் வந்து நின்றார்.

"ஏனுங்க அம்மணி, அந்த ரெண்டு தாளும் எப்படிங்க ரிப்போர்ட்டுக்குள்ள போச்சு?"

"தவறிச் சேர்ந்துருச்சுங்க சார்" என்றேன், தலையை நிமிர்த்தாமல்.

என் சர்வீஸில் ஒரு தாள்கூட அப்படித் தவறிச் சேர்ந்ததில்லை. அந்த மனுஷன் இல்லாத ஆபீஸுக்குத் தினமும் பஸ் ஏறி வர எனக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான்.