ஹார்ட்வெல் துரையின் படம்

கமிட்டிக் கூட்டத்தில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டு வீடு திரும்பியிருந்தார் மெதடிஸ்ட் சபைச் செயலாளர் ஜெயப்பிரகாஷ்.

"சபையக் கட்டின ஹார்ட்வெல் துரை படம் ஒண்ணுகூட இல்லாம நூற்றாண்டு விழா எப்படி நடத்துறது?" என்று ஆரம்பித்தவன் கதிரவன்தான். மனைவி ஜான்சியின் தம்பி. செயலாளர் நாற்காலிக்கு ரொம்ப நாளாகக் குறி வைத்திருப்பவன். அவனிடம் தோற்கக் கூடாது என்ற வீம்பில், "படம் எங்கிட்ட இருக்கு" என்று சொல்லிவிட்டார்.

இருந்ததெல்லாம் சபைக் கோயில் சுவரில் பதித்த அடிக்கல் மட்டுமே. அதிலும் 'ஹார்ட்வெல்' என்ற ஒற்றைப் பெயர்தான்.

"இல்லன்னு சொல்லிட்டா என்ன போயிடப்போவுது?" என்றாள் ஜான்சி.

"செயலாளர் பதவி போயிடும். அதுவும் உன் தம்பிக்கு."

சிதம்பரத்தில் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கும் தட்சிணாமூர்த்தி அலட்டிக்கொள்ளவில்லை. "ஏஐ-ல போட்டா வெள்ளைக்காரர் வந்துருவாரு சார். அந்தக் காலத்துக் கோட்டு போதும்ல?"

டீ ஆறுவதற்குள் துரை வந்துவிட்டார். கூரான மூக்கு, கருணை வழியும் கண்கள். ஜெயப்பிரகாஷுக்கே கும்பிடத் தோன்றியது. உடனே சபை வாட்ஸ்அப் குழுவில் போட்டார்.

சபையிலேயே வயதில் மூத்தவரான ராஜாமணியிடமிருந்து போன் வந்தது. "தம்பி, இது வேற ஆளு. துரைக்குத் தாடி உண்டு. எங்க அப்பா சின்னப்புள்ளயில அந்தத் தாடியப் புடிச்சு இழுத்திருக்காரு."

இவர்தான் என்று எதை வைத்துச் சாதிப்பது? "அது தாடி வளக்கறதுக்கு முன்னாடி எடுத்ததுங்க. தாடியோடவும் ஒண்ணு இருக்கு" என்று சமாளித்துவிட்டு, மறுபடி சிதம்பரம் பஸ் ஏறினார்.

தாடி வந்தது. கதிரவன் விடவில்லை.

"குதிரை எங்க மாமா? வெள்ளைக் குதிரையில காடாம்புலியூர் வரைக்கும் போயி ஊழியம் பண்ணாருன்னு சொல்லுவாங்களே?"

அப்படி யாரும் சொன்னதில்லை என்பது இருவருக்குமே தெரியும். ஆனால் மறுத்துப் பேசினால் தன் குட்டு உடைந்துவிடும். "அதுவும் இருக்கு மச்சான்" என்றார். குதிரைக்கு முதலில் ஐந்து கால் வந்தது; உபரிக் காலை அழிப்பதற்குள் தட்சிணாமூர்த்திக்கு ஒரு சாயங்காலமே போய்விட்டது.

படம் வளர வளர வரலாறும் வளர்ந்தது. துரை ஒருவரின் பாட்டனாருக்கு விஷக்காய்ச்சல் தீர்த்தார். இன்னொருவர் வீட்டில் பலாப்பழம் தின்று, தாடியில் பால் ஒட்டி அவதிப்பட்டார். எல்லாம் விழா மலரில் ஏறியது. பாதி ஊர்க்காரர்களின் புளுகு என்று ஜெயப்பிரகாஷுக்குத் தெரியும். மீதிப் பாதி அவருடையது.

கோயில் வாசலில் ஆளுயர ஃப்ளெக்ஸ் கட்டி முடித்த அன்று ஆயர் சிரித்த முகத்தோடு வந்தார்.

"அமெரிக்காவுக்கு எழுதியிருந்தேன். ஹார்ட்வெல்லோட கொள்ளுப்பேத்தியே விழாவுக்கு வர்றாங்க."

ஜெயப்பிரகாஷ் வீட்டுக்கு ஓடினார்.

"ஃப்ளெக்ஸக் கழட்டிடட்டுமா?"

"ஊரே பாத்தாச்சு. இப்பக் கழட்டினா என் தம்பியே பஞ்சாயத்தக் கூட்டுவான்" என்றாள் ஜான்சி.

கடைசியில் முகத்தை மறைக்கிற மாதிரி பெரிய ரோஜா மாலை வாங்கிப் போட்டார். விழாவுக்கு வந்த விருந்தாளி நன்றாகப் பார்க்கட்டும் என்று கதிரவன் முதல் வேலையாக அந்த மாலையை ஒதுக்கிவிட்டான்.

கொள்ளுப்பேத்தி ஃப்ளெக்ஸ் முன்னால் நின்றார். மேலும் கீழும் பார்த்தார். பிறகு அவர், ஆங்கில டீச்சரான ஜான்சியின் காதருகே குனிந்து ஏதோ கேட்டார். ஜான்சி ஃப்ளெக்ஸை நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னவாம்? முகம் ஒத்துப்போவலயாமா?" என்றார் ஜெயப்பிரகாஷ்.

"குதிரை மேல இருக்கிற பெரியவரு யாருன்னு கேக்குறாங்க" என்றாள் ஜான்சி. "இந்தக் கோயிலக் கட்டின அவுங்க கொள்ளுப்பாட்டி படத்த எங்க மாட்டியிருக்கோமாம்?"