வழிகாட்டி சாரைப் பிடிக்க ஒரு கேமரா

"அப்போ அவர் இருக்காரா இல்லையா, அதை மட்டும் சொல்லுடீ!"

"இருக்காருங்கறதுக்கு ஆதாரம் இருக்கு. ஆளைத்தான் காணோம்."

கேக்குறது ரேடார். காலேஜ்ல எந்த மூலையில யாரு தும்முனாலும் முதல்ல அவளுக்குத்தான் தெரியும். பதில் சொல்றது நத்தை. சுற்றுச்சூழல் அறிவியல், கடைசி வருஷம். குளத்து நத்தையைப் பத்தி ப்ராஜெக்ட் பண்ணினதால வந்த பேரு, நடக்குற வேகத்தால இல்ல. சரி, அதுவும் கொஞ்சம் உண்டு.

ரெண்டு பேரும் தேடுறது வழிகாட்டி சாரை. படிச்சு முடிச்சு என்ன வேலைக்குப் போகலாம்னு சொல்றதுக்காகவே காலேஜ்ல அவருக்குத் தனி ரூம். ஏரி ஆராய்ச்சி நிலையத்துல ஆறு மாசப் பயிற்சிக்கு நத்தை விண்ணப்பம் போடணும். அதுல 'ஐந்து வருடத்தில் என்னவாக இருப்பீர்கள்?'னு ஒரு கேள்வி. பதிலுக்குக் கீழ வழிகாட்டி சார் கையெழுத்து. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணியோட விண்ணப்பம் வாங்குறதை நிறுத்திடுவாங்க.

செவ்வாய்க்கிழமை ரெண்டு தடவை போனா. ரெண்டு தடவையும் பூட்டு. போன் பண்ணினா பூட்டுன கதவுக்கு உள்ளதான் மணி அடிக்குது. ஜன்னல் திண்டுல மட்டும் ஒரு டீ கிளாஸ்.

"தொட்டுப் பாத்தேன்டீ. இன்னும் சூடு ஆறல!"

அன்னிக்கு ராத்திரி அம்மா கேட்டாங்க. "கையெழுத்து வந்துச்சா? இல்லேன்னா திங்கக்கிழமை மாமா டைல்ஸ் கடைக்குப் போயிடு. உனக்குன்னு சுத்துற நாற்காலியே வாங்கி வச்சுட்டான்."

"அம்மா, நான் படிச்சது உயிருள்ளதைப் பத்தி!"

"டைல்ஸ் வாங்க வர்றவங்களும் உயிரோடதான் வருவாங்க."

புதன்கிழமை காலையில நத்தை முடிவு பண்ணிட்டா. கண்ணுல படாத உயிரினத்தை எப்படிக் கண்டுபிடிக்கணும்னு மூணு வருஷமா படிச்சிருக்கோம்ல? அதையே சார் மேல போட்டுப் பாப்போம்!

காட்டுல ராத்திரி நடமாடுற விலங்கைப் படம் பிடிக்கிற கேமரா ஒண்ணு அவங்க துறையில இருக்கு. ஏதாவது குறுக்க போனா தானா 'க்ளிக்'. அதை வாங்கிட்டு வந்து சார் ரூமுக்கு எதிர் ஜன்னல் கம்பியில கட்டினாங்க. துறை விதிப்படி கேமரா வச்சா மஞ்சள் எச்சரிக்கை போர்டும் மாட்டணும், இல்லேன்னா பேராசிரியர் மார்க்கைக் குறைச்சிடுவாரு. ஆணி இருக்குற இடமாப் பாத்து ரேடார் அதையும் மாட்டிட்டா. வேலை சுத்தம்.

வியாழக்கிழமை காலையில ரெண்டு பேரும் படத்தைப் பாத்தாங்க.

சார்! வழிகாட்டி சாரேதான்! செருப்பைக் கையில தூக்கிக்கிட்டு நுனிக்கால்ல போறாரு. அடுத்த படத்துல எதிர்ல வர்ற யாரையோ பாத்து உதட்டுல விரல் வச்சு 'ஷ்ஷ்'ங்கறாரு. அதுக்கடுத்த படத்துல முதுகு.

"அடப்பாவி மனுஷா! ஸ்டூடன்ட் கண்ணுல படாம இருக்க இவ்வளவு பயிற்சியா?"

வராந்தாவுல வேற என்னிக்கும் இல்லாத தூசி. அதுல பாதம் பாதமா தடம். கதவுக்குப் பத்தடி தூரம் வரைக்கும் வந்து, அப்படியே திரும்பிப் போயிருக்கு. நத்தை முட்டி போட்டு அளந்து நோட்டுல எழுதினா: 'மிகவும் உஷாரான உயிரினம்.'

"இரை வைக்கலாமா?"ன்னா ரேடார்.

வச்சாங்க. அட்டைப்பெட்டி நிறைய பிஸ்கட், பக்கத்துல ஃபிளாஸ்க்ல டீ. ஒரு மணி நேரத்துல எறும்பு. எறும்பைத் தடுக்கப் பெட்டிக்கு அடியில துணி விரிச்சாங்க. துணியைப் பாத்துட்டு ஒரு பூனை வந்துச்சு. பிஸ்கட்டை முடிச்சுட்டு அதே பெட்டியில மூணு குட்டி போட்டுச்சு.

"சார் வந்தாரா?"

"குடும்பமே வந்திருக்கு. சார் மட்டும் வரல."

வெள்ளிக்கிழமை வேற வழியே இல்ல. பச்சைப் போர்வையைப் போத்திக்கிட்டு, தலையில இலையைச் செருகிக்கிட்டு, வராந்தா பூந்தொட்டிங்களுக்கு நடுவுல ரெண்டு பேரும் குந்திட்டாங்க. மடியில ஃபார்ம். ஒண்ணரை, ரெண்டு, மூணு. கால் மரத்துப் போச்சு. நாலரை மணிக்கு காலடிச் சத்தம்!

வந்தது தோட்டக்காரர். கையில ஹோஸ் பைப்.

"அண்ணே! அண்ணே! நாங்க செடி இல்லண்ணே!"

அவரு பைப்பை நிறுத்தவே இல்ல. "ரெண்டு நாளா தண்ணி ஊத்தலம்மா, அதான் வாடிப் போய் இருக்கீங்க"ன்னு இன்னும் கொஞ்சம் ஊத்திட்டுப் போனாரு.

ஃபார்மை எடுத்துப் பாத்தா மை எல்லாம் கரைஞ்சு ஓடுது. 'ஐந்து வருடத்தில் நன்னீர் நத்தைகள் பற்றிய ஆராய்ச்சியாளராக இருப்பேன்'னு மூணு நாள் யோசிச்சு எழுதினது. இப்போ மிச்சம் இருக்குறது 'ஐந்து வருடத்தில் நத்தை'.

"அஞ்சு வருஷம் எதுக்கு? அது இப்பவே நடந்துடுச்சே!"ன்னு சிரிச்ச ரேடார், நத்தை கண்ணுல தண்ணியைப் பாத்ததும் கப்புனு வாயை மூடிட்டா. அது ஹோஸ் தண்ணி இல்ல.

"விடுடீ. முதல்ல துடைச்சுக் காய வைப்போம். பெருக்குற அக்காகிட்ட துணி இருக்கும்."

மணி நாலே முக்கால். சொட்டச் சொட்ட வராந்தா கோடிக்கு ஓடினாங்க. துடைப்பம், வாளி எல்லாம் வைக்கிற குட்டி ரூம் வாசல்ல அக்கா உட்கார்ந்திருந்தாங்க, கதவு ஒருக்களிச்சு இருந்துச்சு.

"அக்கா! ஒரு துணி குடுங்கக்கா, அவசரம்!"

அக்கா பதறிப் போய் எழுந்தாங்க. "ஷ்ஷ்! மெதுவாப் பேசுங்கம்மா! வழிகாட்டி சார் மூணு நாளா உள்ளதான் என் துடைப்பங்களுக்கு நடுவுல உட்கார்ந்திருக்காரு. அவர் ரூம் கதவுல யாரோ 'ஆய்வு நடக்கிறது, கிட்ட வராதீர்கள்'னு மஞ்சள் போர்டு மாட்டியிருக்காங்களாம். உள்ள இருக்குற அபூர்வ ஜீவன் பயந்து ஓடிடக் கூடாதுன்னு என்னையும் பெருக்க விட மாட்டேங்குறாரு!"

இன்னும் பதினஞ்சு நிமிஷம்தான் இருக்கு. போர்டு மாட்டினது நாங்கதான்னு சொல்லிட்டு நத்தை கையெழுத்து கேக்கணுமா, இல்ல வாங்கிட்டுச் சொல்லணுமா? நீங்க என்ன நினைக்கிறீங்க, சீக்கிரம் சொல்லுங்களேன்?