ஓவர் அண்ணாச்சி பெண் பார்த்த கதை

பேசி முடித்துவிட்டதை எதிராளிக்கு முறைப்படி அறிவித்த ஒரே மனிதர் இந்தப் பூமியில் ஓவர் அண்ணாச்சிதான். மற்றவர்களெல்லாம் விஷயம் தீர்ந்து நிறுத்துகிறார்களா, மூச்சு வாங்க நிறுத்துகிறார்களா என்று நாமேதான் யூகித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

எழுபதுகளில் கேரளத்து ஏலப்பாறைப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட் ஆபீசில் நான் குமாஸ்தா. அண்ணாச்சி டெலிபோன் ஆபரேட்டர். அதற்கு முன்னால் பட்டாளத்தில் ஒயர்லெஸ் கருவியோடு பன்னிரண்டு வருஷம் குடித்தனம் நடத்தியவர். அதில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். அவர் 'ஓவர்' என்று சொன்ன பிறகுதான் மறுமுனைக்காரர் வாய் திறக்கலாம். பட்டாளத்தை விட்டு வந்தபோது பெட்டி படுக்கையோடு அந்த ஓவரையும் கொண்டுவந்துவிட்டார். "மழை வருது. ஓவர்." "தலை வலிக்கி. ஓவர்." கோயிலில் வேண்டிக்கொண்டாலும் கடைசியில் ஓவர் சொல்லிவிட்டு, சாமிக்கு எதிரே சற்று நேரம் காத்து நிற்பார்.

எஸ்டேட் வாசலில் சாயாக்கடை வைத்திருந்த சேட்டனுக்கு ஓவர் என்றால் 'அதிகம்' என்று மட்டும்தான் தெரியும். "ஒரு சாயா. ஓவர்" என்று அண்ணாச்சி கேட்டதும், நேற்றுத் தூள் அதிகமாகிவிட்டது போலிருக்கிறது என்று குறைத்துப் போட்டார். மறுநாளும் ஓவர். இன்னும் குறைத்தார். சனிக்கிழமை கிளாசில் வந்தது சர்க்கரை போட்ட வெந்நீர். அதையும் குடித்துவிட்டு அண்ணாச்சி, "நல்லால்ல. ஓவர்" என்றார். ஞாயிற்றுக்கிழமை சேட்டன் கடையே திறக்கவில்லை.

விஷயம் மானேஜர் வரை போனது அடுத்த திங்கட்கிழமை. "எட்டாம் நம்பர் காட்டுல கொழுந்து பறிப்பு. ஓவர்" என்று அண்ணாச்சி மேல் டிவிஷனுக்குப் போனில் சொன்னார். பறிப்பு முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்ட கங்காணி, காலை ஒன்பது மணிக்கே நாற்பது பெண்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். நாற்பது பேரும் மத்தியான சினிமாவுக்குப் போய்விட்டார்கள்.

மலையாளியான மானேஜர் எங்களை வரிசையாக நிறுத்தினார். "ஈ ஓவர்னா எந்தா அர்த்தம்?"

"முடிஞ்சு போச்சுன்னு அர்த்தம் சார்" என்றார் கங்காணி.

"ஜாஸ்தின்னு அர்த்தம்" என்றேன் நான்.

கிரிக்கெட் பைத்தியமான ஸ்டோர் கிளார்க், "ஆறு பந்து சார்" என்றான்.

அண்ணாச்சி விறைப்பாக நின்றார். "இனி நீங்க பேசலாம்னு அர்த்தம் சார். ஓவர்."

தன் முறை வந்ததும் மானேஜர் எங்களைப் போகச் சொல்லிவிட்டார்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். ஆனால் அண்ணாச்சிக்கு நாற்பது நெருங்கியிருந்தது. இரண்டு சம்பந்தம் ஏற்கெனவே இந்த ஒரு வார்த்தையால் முறிந்திருந்தது. மூன்றாவது, உடும்பஞ்சோலையில் ஏலக்காய் தரம் பிரிக்கும் வேலை பார்த்த செல்லக்கனி. துணைக்கு நான் போனேன். "இன்னிக்கு ஒரு நாள் அந்த வார்த்தை வேண்டாம் அண்ணாச்சி" என்று வழியெல்லாம் கெஞ்சினேன். "சரிப்பா" என்றவர், உதட்டைக் கடித்து மிச்சத்தை விழுங்கினார்.

செல்லக்கனி காப்பி கொடுத்துவிட்டு உள்ளே போனார். அண்ணாச்சியைவிட அரையடி உயரம். "மாப்பிள்ளை என்ன சொல்லுதீய?" என்று கேட்டார் பெண்ணின் அப்பா.

அண்ணாச்சியின் கழுத்து நரம்பு புடைத்தது. "பிடிச்சிருக்கு" என்றார். நான் மூச்சு விட்டேன். "ஓவர்" என்றார்.

அப்பா எழுந்துவிட்டார். "எது ஓவரு? உசரமா? பிள்ளையக் குறை சொல்லவா இம்புட்டுத் தூரம் வந்தீய?"

உள்ளேயிருந்து செல்லக்கனியின் குரல் வந்தது. "சத்தம் போடாதீய அப்பா. என்ன அர்த்தம்னு அவுககிட்டயே கேளுங்க."

அண்ணாச்சி அந்தக் கதவைப் பார்த்துச் சொன்னார். "நான் சொல்ல வேண்டியதச் சொல்லிட்டேன். இனி நீங்க சொல்லணும். நீங்க முடிக்கிற வரைக்கும் நான் குறுக்க பேச மாட்டேன்னு அர்த்தம்."

பெண் பார்க்கிற இடத்தில் பெண்ணுக்கும் பேச நேரம் உண்டு என்று அங்கே அதுவரை யாரும் நினைத்ததில்லை. செல்லக்கனி வெளியே வந்து பேசினார். கல்யாணத்துக்கு அப்புறமும் வேலைக்குப் போவேன் என்றார். அப்பாவுக்கு இழுப்பு நோய், மாதம் ஒரு தடவை வந்து பார்ப்பேன் என்றார். சமையல் சுமார்தான் என்றார். உயரத்தைக் கேலி செய்துவிட்டுப் போனவர்களைப் பெயர் சொல்லித் திட்டினார். என் காப்பி ஆறிப்போனது. பிறகு நிறுத்தினார்.

அண்ணாச்சி வாயைத் திறக்கவில்லை. ஒரு நிமிஷம் ஆயிற்று. இரண்டு நிமிஷம் ஆயிற்று. செல்லக்கனியின் கண் கலங்கிவிட்டது. நான் அண்ணாச்சியின் விலாவில் இடித்தேன். "பதில் சொல்லுங்க."

"அவுக இன்னும் முடிக்கலயே" என்று என் காதில் கிசுகிசுத்தார். பட்டாளத்துக் கிசுகிசு, பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

செல்லக்கனி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அப்புறம், "ஓவர்" என்றார்.

"எல்லாத்துக்கும் சம்மதம்" என்றார் அண்ணாச்சி.

திரும்பி வரும்போது பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். வளைவுக்கு வளைவு அந்தத் தலை கனத்துக்கொண்டே வந்தது. கை மரத்துப்போயிற்று. கட்டப்பனையில் பாதி பஸ் காலியானது. நான் இடம் மாறவில்லை.