ஃபிரைபுர்க்கில் ஸ்டாப்பிங் கிடையாது

ஐரோப்பாவில் எந்த இடத்தில் வேண்டுமானாலும் ராத்திரி தங்கலாம், மச்சினன் வீட்டு வாசலில் மட்டும் தங்கக் கூடாது என்று ஜெபசீலன் முடிவு செய்தார்.

முடிவு செய்யும் அதிகாரம் அவருக்கு முறைப்படிதான் வந்தது. அவருடைய மகளும் மருமகனும் ஜெர்மனியில், பிராங்பர்ட்டில் வேலை பார்க்கிறார்கள். ஜூலை மாதம் சுற்றிப் பார்ப்பதற்காக ஒரு பெரிய வேனை வாடகைக்குப் பேசியிருந்தார்கள். சாதாரண வேன் அல்ல. உள்ளே படுக்கை உண்டு, அடுப்பு உண்டு, பாத்திரம் கழுவத் தொட்டி உண்டு, ஒரு சின்னக் கதவைத் திறந்தால் கழிப்பறையும் உண்டு. பகலெல்லாம் ஓடும். ராத்திரி எங்கே நிற்கிறதோ அங்கே வீடாகிவிடும். பாளையங்கோட்டையிலிருந்து அப்பாவையும் அம்மாவையும் வரவழைத்து, ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, இத்தாலி, ஆஸ்திரியா என்று ஒரு சுற்றுச் சுற்றி வருவதாக ஏற்பாடு.

"ராத்திரி எங்கெங்க நிறுத்தணும்னு அப்பாவே முடிவு பண்ணட்டும். அப்பாவுக்குத் தெரியாத ஸ்டாப்பிங்கா?" என்று மகள் போனில் சொல்லிவிட்டாள்.

அதில் நியாயம் இருந்தது. ஜெபசீலன் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த பஸ் எங்கே நிற்கும், எது நிற்காது, எது கடைசி ஊரிலேயே ராத்திரி தங்கிக் காலையில் திரும்பும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அப்படித் தங்கும் பஸ்ஸுக்கு நைட் ஹால்ட் பஸ் என்று பெயர். டிரைவரும் கண்டக்டரும் சீட்டிலேயே துண்டை விரித்துப் படுத்துவிடுவார்கள். இந்த வேனும் அதுதானே என்று நினைத்தார் ஜெபசீலன். என்ன, இதில் மெத்தை இருக்கிறது.

இப்போது மச்சினனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவன் பெயர் எஸ்றா. ஜெபசீலனின் மனைவி பெர்சிஸுக்கு ஒரே தம்பி. ஜெர்மனியிலேயே ஃபிரைபுர்க் என்ற ஊரில் வீடு வாங்கி இருக்கிறான். கெட்ட பழக்கம் ஒன்றும் கிடையாது, சொல்லிக் கொடுப்பதைத் தவிர. போன லீவுக்கு வந்தவன், குழாயை எப்படி மூடுவது என்று அத்தானுக்குச் சொல்லிக் கொடுத்தான். குப்பையை எப்படிப் பிரிப்பது என்று சொல்லிக் கொடுத்தான். நெல்லை வண்ணாரப்பேட்டையில் அத்தானின் கையைப் பிடித்து ரோட்டைக் கடத்திவிட்டான். அந்த ரோட்டை அத்தான் அறுபது வருஷமாகக் கடக்கிறார். இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஜெர்மனிக்குத் திரும்பும் முன்னால், சொந்தக்காரர்கள் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருக்கும்போது, "ஏன் அத்தான், உங்க ஸ்டாண்டுல பஸ் வந்த பொறவு டைம் எழுதுவியளா, இல்ல நீங்க டைம் எழுதின பொறவு பஸ் வருமா?" என்று கேட்டான்.

பந்தி முழுவதும் சிரித்தது. பெர்சிஸும் சிரித்தாள். பரிமாறிக்கொண்டிருந்த சொதி வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

அன்றைக்கே ஜெபசீலன் மனசுக்குள் ஃபிரைபுர்க்கை ரூட்டிலிருந்து எடுத்துவிட்டார்.

"பெர்சிஸ், கேட்டுக்கோ" என்று செல்போன் திரையில் வரைபடத்தை விரித்து ஆரம்பித்தார். "மொத ராத்திரி ஹைடல்பர்க். ஆத்தங்கரை. நல்ல நெழலு, தண்ணி பிடிக்கக் குழாய் இருக்கு, கரண்டும் குடுக்கான்."

"சரி."

"அங்கன விட்டா நேரா சூரிச். ஏரிக்கரை."

"நடுவுல ஃபிரைபுர்க்னு ஒரு ஊரு இருக்குமே."

"இருக்கும்."

"அங்க என் தம்பின்னு ஒருத்தன் இருப்பானே."

"இருப்பான். நம்ம வண்டி அங்க நிக்காது. பாயிண்ட் டு பாயிண்ட்."

"நாரோயில் பஸ்ஸு நாங்குநேரிக்குள்ள போகாம பைபாஸ்ல ஓடுத மாதிரியா?"

"அதே மாதிரிதான்."

"அதுக்கு நாங்குநேரிக்காரன் என்ன சொல்லுதாம்னு என்னைக்காவது காது குடுத்துக் கேட்டிருக்கியளா?"

ஜெபசீலன் அந்தக் கேள்வியை விட்டுவிட்டு அடுத்த காரணத்துக்குப் போனார். "அவன் தெரு குறுகலு. வண்டி திரும்பாது."

"மரச்சாமான் லாரியே வந்து நின்ன தெரு. போட்டோ அனுப்பிருந்தான்."

"ராத்திரி தெருவுல நின்னா போலீஸ் வருவான்."

"தெருவுல எதுக்கு நிக்கணும்? வீட்டு முன்னால இடம் கெடக்கு."

"வேன்ல கழிவுத் தொட்டி இருக்குட்டி. அதக் கண்ட இடத்துல கொட்ட முடியாது. உன் தம்பி வீட்டுக் கக்கூஸ்ல கொண்டுபோய்க் கொட்டவா?"

"கொட்டுங்களேன். அவன் என்ன சொல்லப் போறான்?"

"சொல்லுவாம்ட்டி. எப்பிடிக் கொட்டணும்னு சொல்லுவான்."

பெர்சிஸ் திரையில் ஃபிரைபுர்க்கைப் பார்த்தாள். தம்பி வீடு வாங்கி நாலு வருஷமாகிறது. அவள் அதைப் போட்டோவில்தான் பார்த்திருக்கிறாள். இந்தத் தடவை விட்டால் அடுத்து எப்போது என்று யாருக்குத் தெரியும்? ஆனால் அதையெல்லாம் அவள் சொல்லவில்லை.

"சரி, உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள்.

வேறு யாராக இருந்தாலும் இந்த இடத்தில் பயந்திருப்பார்கள். பெர்சிஸ் ஒரு விஷயத்தை ஒரே வார்த்தையில் விட்டுக்கொடுத்ததாக அந்த வீட்டுச் சரித்திரத்தில் கிடையாது. ஜெபசீலனோ சட்டையை மாட்டிக்கொண்டு டவுணுக்குப் பஸ் ஏறி, வெற்றியைக் கொண்டாட அரைக் கிலோ அல்வா வாங்கி வந்தார்.

பாளையங்கோட்டைச் சபைக் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. தூரப் பயணம் போகிறவர்கள் வீட்டில் புறப்படும் முன்னால் ஒரு ஜெபக் கூட்டம் வைப்பார்கள். குருவானவர் வருவார். அவரை ஐயர் என்றுதான் சொல்வார்கள். தெருக்காரர்கள் வருவார்கள். பாட்டு, வேதவாசிப்பு, ஜெபம், கடைசியில் காபியும் பூந்தியும். ஐயர் ஒவ்வொரு வேண்டுதலாகச் சொல்லி நிறுத்துவார். கூட்டம் ஆமென் சொல்லும். பயணம் போகிறவர், அதுவும் வீட்டுத் தலைவர், கொஞ்சம் சத்தமாகவே சொல்ல வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அந்தக் கூட்டம் நடந்தது. ஐயர் கண்ணை மூடினார். எல்லோரும் மூடினார்கள்.

"ஆண்டவரே, உம்முடைய பிள்ளைகள் ஹைடல்பர்க் ஆற்றங்கரையில் தங்கும் முதல் இராத்திரியில் அவர்களைக் காத்தருளும்."

"ஆமென்!" என்றார் ஜெபசீலன். தன்னுடைய ஸ்டாப்பிங் ஜெபத்திலேயே ஏறிவிட்டதில் அவருக்குப் பெருமை.

"மறு இராத்திரியில் ஃபிரைபுர்க் பட்டணத்தில், தம்பி எஸ்றாவின் வாசலில் தங்கும்போது, மைத்துனர் இருவருக்கும் நடுவே அன்பைப் பெருகப் பண்ணும்."

"ஆமென்!"

வாய் சொல்லி முடித்த பிறகுதான் காது கேட்டது. ஜெபசீலன் ஒரு கண்ணைத் திறந்தார். எதிரே பெர்சிஸ் இரண்டு கண்ணையும் மூடி, தலையைக் குனிந்து, பக்தியோடு உட்கார்ந்திருந்தாள். ஜெபத்துக்கு நடுவில் குறுக்கே பேச முடியாது. அந்தத் தெருவில் இதுவரை யாரும் பேசியதில்லை.

"சூரிச் பட்டணத்தில், சாரம்மாள் டீச்சரின் மகள் வீட்டு வாசலில் தங்கும்போதும் காத்தருளும்."

"ஆமென்" என்றார், பாதிக் குரலில்.

"மிலான் பட்டணத்தில், நம்முடைய பாடகர் குழுத் தலைவரின் மகன் வீட்டு வாசலில் தங்கும்போதும்."

ஜெபசீலனின் குரல் இன்னும் பாதியானது.

"மியூனிக் பட்டணத்தில், மூக்குப்பீறி ஊர் அத்தையின் பேரன் வீட்டு வாசலில் தங்கும்போதும்."

இந்தத் தடவை ஜெபசீலன் வாயை இறுக மூடிக்கொண்டார். கூட்டம் ஆமென் சொன்னது. வீட்டுத் தலைவரின் ஆமென் வரவில்லை. ஐயர் காத்திருந்தார். பிறகு அதே வேண்டுதலை இன்னும் சத்தமாக முதலிலிருந்து சொன்னார். பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "அண்ணாச்சி உறங்கிட்டாவ போல" என்றது.

"ஆமென்!" என்றார் ஜெபசீலன்.

கடைசி ஆள் பூந்தி தின்றுவிட்டுப் போகும்வரை அவர் பொறுத்திருந்தார்.

"ஏட்டி, என்ன காரியம் பண்ணி வச்சிருக்க? நாம போறது ஐரோப்பாவுக்கா, வீடு வீடா வசூலுக்கா?"

"எங்கெங்க தங்கப் போறியன்னு ஐயர் கேட்டாவ. சொன்னேன்."

"நான் சொன்ன இடத்தையில்லா சொல்லியிருக்கணும்?"

"பிடிக்கலன்னா ஆமென் சொல்லாம இருந்திருக்கலாமே. எல்லாரையும் விட உங்க சத்தம்தான் கேட்டுச்சு."

"அது பழக்கத்துல வந்துட்டு."

"நாளைக்கே ஐயர்ட்டப் போயி அப்பிடிச் சொல்லிருங்க. பழக்கத்துல வந்துட்டு, மனசுல இருந்து வரலன்னு."

ஜெபசீலன் நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தார். நான்கு வாசல். ஒவ்வொரு வாசலிலும் காபி, ஆல்பம், ஊர்க் கதை. ஆற்றங்கரையும் ஏரிக்கரையும் கண் முன்னாலேயே ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன.

"பெர்சிஸ், கொஞ்சம் கொறைச்சுக்கோ."

"எத?"

"அந்த சூரிச்சு, மிலானு, மியூனிக்கு. மூணையும் எடுத்துரு."

"சாரம்மா டீச்சர் வருத்தப்படுவாவளே."

"பட்டுட்டுப் போறாவ."

"மூக்குப்பீறி அத்தை இனி நம்ம வாசப்படி மிதிக்க மாட்டாவ."

"அதுவும் நல்லதுதான்."

பெர்சிஸ் சேலை முந்தானையைத் திருகினாள். பெருமூச்சு விட்டாள். "உங்களுக்காக வேணும்னா மூணையும் விட்டுருதேன். ஐயர்ட்ட நானே பையப் பைய எடுத்துச் சொல்லிக்கிடுதேன். ஆனா தம்பி வீட்ட மட்டும் விடச் சொல்லாதிய."

"சொல்லல. அது ஒண்ணு இருக்கட்டும்" என்று ஜெபசீலன் பெருந்தன்மையாகச் சொன்னார். சொல்லிவிட்டு, நன்றி என்றும் சொன்னார்.

மறுநாள் காலையில் மகளுக்குப் போன் போட்டார். ஸ்டாண்டில் மைக் பிடித்துப் பேசிய பழைய குரல் தானாகவே வந்துவிட்டது.

"எம்மா, ஒங்கம்மா நாலு வாசல்ல வண்டிய நிறுத்தணும்னு நின்னா. விடுவேனா? பேசிப் பேசி ஒண்ணாக் கொறைச்சிட்டேன். எழுதிக்கோ. ஃபிரைபுர்க் உண்டு. சூரிச்சுல டீச்சர் மக வீடு, மிலான்ல பாடகர் குழுக்காரர் மகன் வீடு, மியூனிக்ல மூக்குப்பீறி அத்தை பேரன் வீடு, எல்லாம் ரத்து!"

மறுமுனையிலிருந்து மகள் கேட்டாள்.

"அவங்க மூணு பேரும்தான் ஜூலைல வீட்டப் பூட்டிட்டு லீவுக்கு நம்ம ஊருக்கு வாராங்களேப்பா, ஏர்போர்ட்ல இருந்து வர அம்மாதான அவங்களுக்குக் கார் பேசிக் குடுத்திருக்கா?"