கோல்கீப்பர் சமன் செய்யப்பட்ட வரலாறு

வெற்றி பெற்று முன்னுக்கு வந்த அணிகளைப் பற்றி உலகம் தேவைக்கு மேல் பேசியாகிவிட்டது. அதில் என்ன சாமர்த்தியம் இருக்கிறது? பந்தை உதைத்தார்கள், வலைக்குள் போனது, ஜெயித்தார்கள். மூளைக்கு அங்கே வேலையே இல்லை. ஓர் ஆட்டத்தில்கூட ஜெயிக்காமல், அதே சமயம் எல்லாத் துறைகளிலும் முன்னேறிக்கொண்டே இருப்பது எப்படி என்று மனித குலத்துக்குக் காட்டித் தந்த பெருமை எங்கள் கால்பந்துக் கழகத்துக்கு மட்டுமே உரியது. அந்தப் பெருமையில் எனக்கும் பங்கு உண்டு. அடக்கத்தோடு சொல்கிறேன்: பெரிய பங்கு.

எங்கள் லீக்கில் பதினான்கு அணிகள். நாங்கள் பதினான்காம் இடம். பொறாமைக்காரர்கள் இதைக் 'கடைசி' என்பார்கள். மேலே இருப்பவனுக்குக் கீழே விழும் பயம் உண்டு. எங்களுக்கு அது கிடையாது. இந்த நிம்மதியை நிரந்தரமாக்கத்தான் கழகத் தலைவர் 'ஒப்பீட்டு நுண்ணாய்வுப் பிரிவு' என்ற ஒன்றைத் தொடங்கினார். ஆட்டக்காரர்கள் அதை 'ஒப்பாரிப் பிரிவு' என்று அழைத்தார்கள். கோல் போடத் தெரியாதவர்களுக்குக் கோள் சொல்லத் தெரிவதில் வியப்பில்லை.

அந்தப் பிரிவின் முதல் அதிகாரி நான். அதற்கு முன் நான்காம் வாசலில் நின்று டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தேன். என் தங்கையின் கணவர்தான் எங்கள் அணியின் கோல்கீப்பர். "என் மச்சானுக்கு எண்ணெல்லாம் நல்லா வரும் சார், வாசல்ல நின்னு வீணாப் போறாரு" என்று தலைவரிடம் அவர்தான் சிபாரிசு செய்தார். மாப்பிள்ளையின் சொல்லுக்கு அன்று மதிப்பிருந்தது.

எனக்கு ஒரு மேசை, ஒரு கணினி, ஜன்னல் வழியாக மைதானத்தின் பாதி. மீதிப் பாதியைத் தண்ணீர்த் தொட்டி மறைத்தது. வேலை என்னவென்றால், எங்கள் அணியின் ஒவ்வொரு களப் பிரிவையும் மற்ற பதின்மூன்று அணிகளின் அதே பிரிவோடு ஒப்பிட்டு, எங்கே நாங்கள் முந்தியிருக்கிறோம் என்று கண்டுபிடிப்பது. பிந்தியிருந்தால்? அதையும் கண்டுபிடிக்கலாம், ஆனால் வேறு பெயரில்.

இருபது ஆட்டங்கள் முடிந்த நிலையில் அறிக்கை தயாரானது. முன்களத்தில் எங்கள் ஆட்டக்காரர்கள் போட்ட கோல்கள் மூன்று. 'எதிரணிக்கு மன உளைச்சல் தராத முன்களம்' என்ற தலைப்பில் முதலிடம். எங்கள் முன்கள நாயகனை எல்லோரும் 'ஸ்டைல்' என்றுதான் கூப்பிடுவார்கள். பந்து இருக்கும் இடத்தில் அவரைப் பார்க்க முடியாது. பந்தா இருக்கும் இடத்தில் பார்க்கலாம். பந்து பட்டால் தலைமுடி கலையும் என்பதால் இருபது ஆட்டங்களிலும் ஒருமுறைகூட அவர் தலையால் முட்டியதில்லை. நடுக்களம் பந்தைப் பின்னோக்கியே கொடுத்துக்கொண்டிருந்ததால் பந்து கைமாறும் துல்லியத்தில் இரண்டாம் இடம். பின்களத்தை மட்டும் எந்தத் தலைப்பிலும் காப்பாற்ற முடியவில்லை. நான்கு பேர் நின்றார்கள். நான்கு பேருக்கும் நடுவில் பந்து, தெரிந்தவர் வீட்டுக்குள் போவதுபோல் போய்வந்தது. கடைசி இடம். சிவப்பு நிறம் தீட்டினேன்.

கோல்கீப்பர் பிரிவில்தான் அந்த அதிசயம். மாப்பிள்ளை தடுத்த பந்துகள் நூற்று எழுபத்தொன்று. அவருக்கு அடுத்தவர் எண்பத்தெட்டு. முன்னிலையைக் காட்ட நான் வரைந்த பச்சைப் பட்டை தாளின் விளிம்பைத் தாண்டிப் போனதால் இன்னொரு தாளை ஒட்ட வேண்டியதாயிற்று.

ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் கூட்டம். தலைவர், செயலாளர், பயிற்சியாளர், நான். தலைவர் மெத்தைத் தொழிற்சாலை முதலாளி. கால்பந்தை மெத்தை வழியாகத்தான் அணுகுவார். அது அவருடைய தனித்தன்மை. அறிக்கையை மேசையில் விரித்து, பச்சைப் பட்டையின் மேல் உள்ளங்கையை வைத்துத் தடவினார். பிறகு பக்கத்திலிருந்த சிவப்பைத் தடவினார். முகம் வாடிவிட்டது.

"என்னய்யா இது, இங்க மேடா இருக்கு, பக்கத்துலயே பள்ளமா இருக்கு?"

"கோல்கீப்பர் நல்லா ஆடறாரு சார்," என்றார் பயிற்சியாளர்.

"அதைத்தான் கேக்கறேன். ஒரே பக்கம் பஞ்சை அடைச்சா படுக்கறவனுக்கு முதுகு வலிக்காதா? மெத்தையைத் திருப்பிக் கொண்டாந்து மூஞ்சில வீசிட்டுப் போயிடுவான்."

பயிற்சியாளர் பழைய காலத்து மனிதர். ஆட்டத்தைக் கண்ணால் பார்ப்பவர். "சார், பின்களம் ஓட்டை. பந்து அவ்வளவும் கோலுக்குத்தான் வருது. அதனாலதான் அவரு அவ்வளவு தடுக்கறாரு. அவரு மட்டும் இல்லேன்னா..."

"இல்லேன்னாங்கற பேச்சே வேணாம். இருக்காரில்ல? இருக்கறதைப் பிரிச்சுக் கொடுங்க. கோல்கீப்பரைப் பின்களத்துக்கு மாத்துங்க."

செயலாளர் உடனே குறிப்பேட்டில் 'வலிமைப் பகிர்வுத் திட்டம்' என்று எழுதி அடிக்கோடிட்டார். எதற்கும் பெயர் வைத்துவிட்டால் அது பாதி முடிந்த மாதிரி என்பது அவர் கொள்கை.

"அப்போ கோல்ல யாரு சார் நிப்பா? மாத்துக் கீப்பர் தோள்பட்டையில கட்டுப் போட்டுக்கிட்டு வீட்ல இருக்கான்," என்றார் பயிற்சியாளர்.

"முன்னாடி சும்மா நிக்கறவரு யாரு?"

எல்லோருக்கும் ஒரே பெயர்தான் ஞாபகம் வந்தது.

"ஸ்டைலா? சார், அவன் பந்தைப் பார்த்தாலே ஒதுங்கிப் போவான்!"

தலைவர் பயிற்சியாளரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "ஒப்பீட்டு அதிகாரி என்ன சொல்றீங்க?"

இங்கே நான் ஒன்றை மறைக்கக் கூடாது. மாப்பிள்ளைக்குக் காலால் பந்தாடத் தெரியாது என்பது எனக்குத் தெரியும். பதினெட்டு வருடம் கையால் பிழைத்தவர். தங்கை வீட்டுக் கொல்லையில் அவர் உதைத்த பந்தில் தப்பித்த பூந்தொட்டி ஒன்றுகூடக் கிடையாது. ஆனால் தலைவர் என்னை 'அதிகாரி' என்று அழைத்தது அதுதான் முதல் தடவை. தொண்டையைச் செருமிக்கொண்டு, "தரவும் அதைத்தான் சொல்லுது சார்," என்றேன்.

தரவு ஒன்றும் சொல்லவில்லை. அது தாளில் பேசாமல் படுத்திருந்தது.

மறுநாள் மதியம் தங்கை வீட்டில் சாப்பாடு. மாப்பிள்ளை எனக்கு எதிரே உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். அவருடைய பத்து விரல்களில் ஏழு ஒருமுறையாவது உடைந்தவை. சுண்டுவிரல் மடங்காமல் தனியே நீட்டிக்கொண்டு நிற்கும்.

"என்ன மச்சான், இனிமே நான் அஞ்சாம் நம்பர் போடணுமாமே?"

"பதவி உயர்வுதான் மாப்பிள்ளை. பின்களத்தோட தரத்தை உயர்த்தற பொறுப்பு முழுக்க உங்ககிட்ட வருது."

"உயர்த்தலாம். ஆனா எனக்கு ஓடத் தெரியாதே. பக்கவாட்டுல குதிக்கத்தானே தெரியும்?"

தங்கை ரசத்தை ஊற்றிக்கொண்டே என்னைப் பார்த்தாள். "அண்ணே, அந்தக் கூட்டத்துல நீ இருந்தியா?"

"இருந்தேன்."

"நீ ஒண்ணும் சொல்லலியா?"

"சொன்னேனே. ஆதரவா ரெண்டு வார்த்தை சொன்னேன்."

யாருக்கு ஆதரவாக என்று அவள் கேட்கவில்லை. நானும் விளக்கவில்லை. மாப்பிள்ளை மட்டும், "விடு, மச்சான் இருக்கும்போது நமக்கென்ன கெட்டதா நடந்துடப் போகுது?" என்று சொல்லி, எனக்கு இன்னொரு அப்பளம் எடுத்து வைத்தார். நல்ல மனிதர். அப்பளம் மொறுமொறுவென்று இருந்தது, நன்றாகவே சாப்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு ஆட்டம். எதிரே பட்டியலில் முதலிடத்தில் இருக்கும் அணி. ஸ்டைல் கையுறை மாட்டிக்கொண்டு கோலில் நின்றார். கையுறையின் நிறம் காலணிக்குப் பொருந்தவில்லை என்று இரண்டு நிமிடம் தாமதம். மாப்பிள்ளை வெறும் கையோடு பின்களத்தில் நின்றார். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் இடுப்பில் வைத்தார், பின்னால் கட்டினார், கடைசியில் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

பதினோரு நிமிடம் எப்படியோ போனது. பன்னிரண்டாம் நிமிடத்தில் எதிரணிக்காரன் இருபதடி தூரத்திலிருந்து ஒரு பந்து அடித்தான். கோலின் வலது மேல் மூலைக்குப் போகிற பந்து. ஸ்டைல் நாகரிகமாக இடது பக்கம் நகர்ந்துகொண்டார். அப்போதுதான் மாப்பிள்ளை பறந்தார். பறந்தார் என்பது மிகையில்லை. மண்ணுக்கும் அவருக்கும் நடுவில் ஓர் ஆள் குனிந்து போயிருக்கலாம். உடம்பு முழுக்க நீண்டு, அந்த மடங்காத சுண்டுவிரல் உட்பட எல்லா விரலும் விரிந்து, பந்தைக் காற்றிலேயே கவ்வி மார்போடு அணைத்துக்கொண்டு கீழே விழுந்தார்.

மைதானமே எழுந்து நின்றது. எதிரணி ஆதரவாளர்கள்கூடக் கைதட்டினார்கள். அந்த வருடம் எங்கள் லீக்கில் யாரும் அப்படி ஒரு பந்தைப் பிடிக்கவில்லை. நானும் என்னை மறந்து எழுந்துவிட்டேன்.

மாப்பிள்ளையும் எழுந்தார். கையிலிருந்த பந்தைப் பார்த்தார். தன் சட்டையின் அஞ்சாம் நம்பரைப் பார்த்தார். நடுவர் ஓடி வந்துகொண்டிருந்தார்.

"சார், பழக்க தோஷம்," என்றார் மாப்பிள்ளை.

"அருமையா புடிச்சீங்க," என்றார் நடுவர். சிவப்பு அட்டையைக் காட்டினார்.

மாப்பிள்ளை பந்தை அவர் கையில் பத்திரமாகக் கொடுத்துவிட்டு, தலை குனிந்து வெளியே நடந்தார். பெனால்டி. ஸ்டைல் ஒதுங்கினார். அதற்குப் பிறகு பத்துப் பேரோடு எட்டு முறை ஒதுங்கினார். மொத்தம் ஒன்பது. வருகிறவருக்கு வழிவிடுகிற பிள்ளை, வளர்ப்பு அப்படி.

திங்கட்கிழமை மீண்டும் கூட்டம். புதிய அறிக்கையை வைத்தேன். பின்களப் பிரிவு சார்பில் தடுக்கப்பட்ட பந்து: ஒன்று. மற்ற பதின்மூன்று அணிகளின் பின்களத்தில் யாரும் கையால் பந்தைப் பிடித்ததாக வரலாறே இல்லை. ஆகவே எங்கள் பின்களம் கடைசி இடத்திலிருந்து ஒரே வாரத்தில் முதலிடம். தலைவர் என் முதுகில் தட்டினார். செயலாளர் ஒரு பாராட்டுத் தீர்மானம் வாசித்தார். ஒரே ஒரு குறை: அந்த வாரக் கணக்கில் கோல்கீப்பர் பிரிவு ஒன்பது கோல் வாங்கி, கடைசி இடத்துக்குப் போயிருந்தது.

"இதுக்கு யாரு பொறுப்பு?" என்றார் தலைவர்.

செயலாளர் பதிவேட்டைப் புரட்டினார். அதில் கோல்கீப்பர் என்ற இடத்தில் மாப்பிள்ளையின் பெயர்தான் இருந்தது. மாற்றத்தைப் பதிவு செய்ய அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. திட்டத்துக்குப் பெயர் வைப்பதிலேயே வாரம் ஓடிவிட்டது.

பயிற்சியாளர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "சார், அந்த மனுஷன் அன்னிக்குக் கோல்லயே நிக்கலை!"

"அதுதானய்யா குத்தம்! கோல்கீப்பர் கோல்ல நிக்காம வேற எங்க போய் நின்னாரு?"

"நீங்கதானே சார் மாத்தச் சொன்னீங்க!"

"அணியோட நன்மைக்கு நான் ஆயிரம் சொல்லுவேன். ஒரு கோல்கீப்பருக்குத் தன் எடம் எதுன்னு தெரிய வேணாமா?"

பயிற்சியாளர் என்னைப் பார்த்தார். நான் அறிக்கையைப் பார்த்தேன். மாப்பிள்ளையின் பணிநீக்க உத்தரவு என்னிடம் வந்தது. காரணம் ஒப்பீட்டின் அடிப்படையில் என்பதால் ஒப்பீட்டு அதிகாரியின் கையெழுத்தும் தேவையாம். என் பேனாவில் மை தீர்ந்திருந்தது. அது ஒரு வாய்ப்பு என்று இப்போது தோன்றுகிறது. அப்போது நான் செயலாளரிடம் பேனா இரவல் கேட்டேன்.

பயிற்சியாளர் அன்றே விலகிவிட்டார். மாப்பிள்ளை பெட்டியைக் கட்டிக்கொண்டு தங்கையோடு வேறு ஊருக்குப் போனார். பதினோராம் இடத்தில் தள்ளாடிக்கொண்டிருந்த ஓர் அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. வருடக் கடைசியில் அந்த அணி மூன்றாம் இடம். நாங்கள் எங்கள் இடத்தை விட்டுக்கொடுக்கவில்லை. எங்கள் பிரிவில் இப்போது என்னோடு சேர்த்து ஏழு பேர் இருக்கிறோம். ஜன்னலும் மாறிவிட்டது, முழுத் தண்ணீர்த் தொட்டியும் தெரிகிறது.

போன வாரம் மாப்பிள்ளைக்குப் போன் செய்தேன். தொழில்முறை விசாரணைதான். "அங்க உங்களை யாரு மாப்பிள்ளை ஒப்பிட்டுப் பார்க்கறாங்க?"

"அப்படி யாரும் இல்லையே மச்சான். பந்து வந்தா புடின்னு சொல்றாங்க. புடிக்கறேன். அவ்வளவுதான்."

மற்ற அணிகளிலும் விசாரித்தேன். பதின்மூன்று அணிகளிலும் ஒப்பீட்டு அதிகாரி என்று ஒருவர்கூடக் கிடையாது. பூஜ்யத்துக்கு எதிராக ஏழு! கோல்கீப்பிங்கில்கூட நாங்கள் இவ்வளவு முந்தியதில்லை. இந்தச் சாதனையை உடனே யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. மறுபடி போன் செய்தேன். தங்கை எடுத்தாள், முழுக்கக் கேட்டாள்.

"ரொம்ப சந்தோஷம் அண்ணே. ஒண்ணு மட்டும் சொல்லு. இவரை அங்கேருந்து அனுப்பினது யாரு?"

"யாரும் அனுப்பலை. எண்கள் அப்படி இருந்துச்சும்மா."

"அந்த எண்ணுக்கெல்லாம் கையெழுத்துப் போடத் தெரியுமா அண்ணே?"