சந்தனச் சட்டை போட்ட டியூக்

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். முதலில் கல்லூரி போனவளும் நான். முதலில் இங்கிலீஷில் தலையணை அளவுப் புத்தகம் படித்தவளும் நானேதான். இதையெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். அந்தத் தலையணைகளில் முக்கால்வாசி காதல் கதைகள் என்பதை மட்டும் வெகுநாள் யாரிடமும் சொல்லவில்லை.

அதுவும் விக்டோரியா மகாராணி காலத்துக் காதல் கதைகள். குதிரை வண்டி, கையுறை, அரக்கு முத்திரை வைத்த கடிதம், நடன விருந்து, தேநீர். ஒவ்வொன்றிலும் ஒரு டியூக் இருப்பான். (டியூக் என்றால் நம் ஜமீன்தாருக்கெல்லாம் ஜமீன்தார்.) பாவம், அவனுக்கு ஒரு வேலையும் இருக்காது. காதலிப்பதுதான் வேலை. வெளியே கத்திரி வெயில் கொளுத்த, மின்சார ரயிலில் பூக்கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்து நான் லண்டன் பனியில் நடுங்கியிருக்கிறேன். படித்துக்கொண்டே மணவூரைத் தாண்டி, அரக்கோணத்தைத் தாண்டி, இறங்க வேண்டிய திருத்தணியையும் தாண்டிப் போயிருக்கிறேன்.

அந்தக் கதைகளில் என்னைக் கிறங்கடித்தது டியூக்கின் மீசை இல்லை. கதாநாயகி "யோசித்துச் சொல்கிறேன்" என்பாள். உடனே அந்தப் பெரிய மனிதன் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருப்பான். எங்கள் பக்கத்தில் பெண்ணிடம் யாரும் கேட்பதே இல்லை, கேட்டால்தானே யோசிக்க?

பி.ஏ. கடைசி வருடம். பள்ளிப்பட்டு ராணி அத்தை எனக்கு ஒரு மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தார். தையில் கல்யாணம் என்பது அத்தையின் கட்சி. அடுத்த வருடம் எம்.ஏ. என்பது என் கட்சி. நைனா நடுவில் இருந்தார். (எங்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்போம்.) கடைசியில், பிளஸ் டூவில் எனக்கு இங்கிலீஷ் எடுத்த சுலோச்சனா டீச்சரை விஜயதசமி அன்று வீட்டுக்குக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்பது, அவர் சொல்வதுதான் முடிவு என்று தீர்மானமாகியது.

எனக்குச் சிரிப்பு வந்தது. இங்கிலீஷில் என்னை யார் அசைக்க முடியும்?

அந்த வாரம் நான் படித்துக்கொண்டிருந்த புத்தகத்தின் அட்டை கொஞ்சம் விவகாரமானது. டியூக்கின் சட்டையில் ஒரு பட்டன்கூடப் போடவில்லை. அவன் மார்பில் ஒரு பெண் சாய்ந்திருந்தாள். அதனால் உரக்கடையில் கொடுத்த பழைய காலண்டரைக் கிழித்து அட்டை போட்டிருந்தேன். வள்ளி தெய்வானையோடு முருகர், பளபளவென்று. யாருக்கும் சந்தேகம் வராது என்று என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

சரஸ்வதி பூஜை அன்று குளித்துவிட்டு வந்து பார்க்கிறேன், புத்தகத்தைக் காணோம். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. வீட்டிலேயே தடியான புத்தகம், அட்டையில் சாட்சாத் முருகர். என் பாடப் புத்தகங்களுக்கெல்லாம் மேலே அதை வைத்து, நிறையச் சந்தனம் அப்பி, குங்குமம் வைத்து, சாமந்தி மாலையும் போட்டுவிட்டாள். பூஜையில் வைத்த புத்தகத்தை மறுநாள் பூஜை முடியும்வரை தொடக் கூடாது. கதையிலோ தோட்டக்காரனாக வேஷம் போட்டு வந்தவன் தான் டியூக் என்ற உண்மையைச் சொல்லி, மழையில் மண்டியிட்டிருக்கிறான். கதாநாயகி ஹாரியட் என்ன பதில் சொன்னாள் என்பதற்குப் பத்துப் பக்கம்தான் பாக்கி. அன்று முழுக்க நான் பட்ட பாட்டை அந்தச் சரஸ்வதிதான் அறிவாள்.

விஜயதசமி காலை. டீச்சர் வந்துவிட்டார். அத்தை முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டார். கற்பூரம் காட்டியதும் நைனா சொன்னார்.

"பூசையில வச்ச புக்க எடுத்து நாலு வரி படிக்கணும் பாப்பா. அந்த முருகர் புக்க எடு. டீச்சரும் கேக்கட்டும்."

எடுத்தேன். சந்தன ஈரத்தில் ஊறியிருந்த காலண்டர் அட்டை மாலையோடு உரிந்து, புத்தக அடுக்கின் மேலேயே தங்கிவிட்டது. முருகர் கீழே. என் கையில் டியூக், பட்டன் இல்லாமல், எல்லோருக்கும் தரிசனம் கொடுத்தபடி.

"இவரு யாரும்மா?" என்றார் நைனா.

"இங்கிலாந்து சரித்திரம் நைனா."

"சரித்திரத்துல அந்தப் பொண்ணு ஏன் அவன் மேல சாஞ்சிகினு கீது?" என்றார் அத்தை.

"அதுக்கு மயக்கம் அத்தை."

"அவன் டாக்டரா?"

"சரித்திரம்னா நல்லதுதானே," என்று நைனா முடித்துவைத்தார். "படிச்சி அர்த்தம் சொல்லு."

அடையாளம் வைத்திருந்த இடத்தில் புத்தகம் தானாகத் திறந்துகொண்டது. மழை, மண்டியிட்ட டியூக். முதல் வரியை இங்கிலீஷில் படித்துவிட்டுத் தமிழில் சொன்னேன்: "நல்ல மழை பெய்யுது. அதனால டியூக் ஏரியைத் தூர் வாரணும்னு சொல்றாரு."

இரண்டாவது வரியில் அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, நீ இல்லாமல் என் மாளிகை வெறும் கல் என்கிறான். "மதகுக்குக் கல்லு பத்தலயாம்," என்றேன். டீச்சர் இருமினார். (அந்த அறையில் இங்கிலீஷ் தெரிந்த இன்னொரு ஆள் இருப்பதை அப்போதுதான் என் மாபெரும் மூளை நினைவுகூர்ந்தது.)

"மதகுக்கு ஏன் உன் குரல் இப்படி நடுங்குது?" என்றார் அத்தை. "அண்ணா, டீச்சர கேளு. இது சொல்றது சரியா?"

டீச்சர் புத்தகத்தை வாங்கினார். படித்தார். பக்கத்தைத் திருப்பினார். இன்னொரு பக்கத்தையும் திருப்பினார். காபி ஆறியது. பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு சொன்னார்:

"மன்னிச்சுக்குங்க. ஒரு வரிக்குக்கூட அர்த்தம் சரியில்லைங்க."

நைனா கோபித்துக்கொள்ளவில்லை. அதுதான் கொடுமை. "மூணு வருசமா ரயில்ல போய் வந்தியே பாப்பா," என்று மட்டும் சொன்னார். அத்தை மாப்பிள்ளையின் ஜாதக நகலைப் பையிலிருந்து மெல்ல எடுத்தார்.

எனக்கு முன்னால் இரண்டே வழி. காதல் கதை படித்தவள் என்று அவமானப்படலாம். அல்லது இங்கிலீஷ் தெரியாதவள் என்று அவமானப்படலாம். முதலாவதை எப்படியாவது தாங்கிக்கொள்வேன். இரண்டாவது என்னால் ஆகாது.

"குடுங்க டீச்சர்," என்று புத்தகத்தைப் பிடுங்கினேன். "நைனா, இது சரித்திரம் இல்ல. லவ் கதை. எனக்கு ஒவ்வொரு வரிக்கும் அர்த்தம் தெரியும். கேளுங்க."

ஆரம்பித்தது வெட்கத்தோடுதான். இரண்டாவது பத்தியில் வெட்கம் காணாமல் போயிற்று. அவன் தோட்டக்காரனாக ரோஜாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றியது, அவளுடைய புதுத் தொப்பியின் மேல் தவறி உட்கார்ந்தது, அதற்கு அவள் மூன்று நாள் பேசாமல் இருந்தது என்று முன்கதை முழுவதையும் மூச்சுவிடாமல் சொன்னேன். டியூக் மண்டியிட்டபோது நானும் மண்டியிட்டேன். (நடுவில் சுண்டல் தட்டைத் தட்டிவிட்டதைக்கூடப் பிறகுதான் பார்த்தேன்.)

"ஒத்துகினாளா?" என்றார் அத்தை. ஜாதக நகல் அவர் கையில் விசிறியாகியிருந்தது.

"தெரியாது அத்தை. அதுக்குள்ள அம்மா பூசையில வச்சிட்டாங்க."

"அப்ப படி. அவன் நனைஞ்சிகினு கீறான் இல்ல."

பத்துப் பக்கத்தையும் படித்துச் சொன்னேன். ஹாரியட் யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள். டியூக் மழையில் காத்திருந்தான். கடைசிப் பக்கத்தில், புதுத் தொப்பி வாங்கித் தருவதாக ஒப்பந்தம் போட்டுச் சம்மதித்தாள். அத்தை பெருமூச்சு விட்டார்.

"இப்ப அர்த்தம் எப்படிங்க?" என்றார் நைனா, பயந்துகொண்டே.

"ஒரு வரி விடாம சரிங்க," என்றார் டீச்சர். "எம்.ஏ. சேருங்க. அந்தப் புக்க மட்டும் எனக்கு ரெண்டு நாளைக்குக் குடுங்க."

என்னை மாட்டிவிட வேண்டும் என்றே அவர் முதலில் அப்படிச் சொன்னாரா என்று இன்றுவரை நான் கேட்டதில்லை.

"சாமி முன்னால வைக்கற கதையா இது அண்ணி?" என்று அத்தை கடைசியாக ஒரு முயற்சி செய்து பார்த்தார்.

அம்மா சிந்திய சுண்டலைப் பொறுக்கியபடியே சொன்னாள்: "நம்ம முருகர் வள்ளிக்காகக் கெழவன் வேஷம் கட்டிகினு வரலியா? இவரு தோட்டக்காரன் வேஷம் கட்டினாரு. சட்டை மட்டும் ஒழுங்கா போட்டுக்கலாம்."

சொன்னதோடு விடவில்லை. கிண்ணத்தில் மீதியிருந்த சந்தனத்தை எடுத்து, டியூக்கின் மார்பை நிதானமாகப் பூசி மூடினாள்.

"மாப்பிள்ள வூட்டுக்கு நான் இன்னா சொல்றது அண்ணா?" என்றார் அத்தை.

நைனா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "பொண்ணு யோசிச்சி சொல்றேன்னு சொல்லிச்சின்னு சொல்லு."

அவர்கள் காத்திருக்கவில்லை. நான் எம்.ஏ. முடித்துவிட்டேன். இப்போது ஒரு கல்லூரியில் இங்கிலீஷ் சொல்லித்தருகிறேன். யாராவது வரன் கொண்டுவந்தால் அத்தை கேட்கும் முதல் கேள்வி நிலம், வேலை பற்றியது இல்லை. "பையன் மழையில நிப்பானா?" என்பதுதான்.

ஒவ்வொரு சரஸ்வதி பூஜைக்கும் அடுக்கின் உச்சியில் அந்தப் புத்தகம்தான், காலண்டர் அட்டை இல்லாமல். உதிர்ந்துபோன சந்தனத்தை அம்மா புதிதாகப் பூசிவிடுகிறாள். போன வருடம் டியூக்குக்குக் காலரும் பாக்கெட்டும் வைத்திருந்தாள்.