முழுப்பேர்

கட்டிலை மறுபடியும் நகர்த்தினான் வீரய்யா. நகர்த்திய இடத்திலும் கூரையில் ஒரு ஓட்டை காத்திருந்து, மகள் வினோதாவின் நெற்றியில் சொட்டியது. சின்னப்பிள்ளை, மழை தொடங்கினால் இழுப்பும் தொடங்கிவிடும்.

"ஐயாகிட்ட தகரம் கேட்டீங்களா இல்லையா?" என்றாள் மனைவி தனுஜா.

"கேட்டேன். 'தகரம் போட்டா கொழுந்து கூடுமா? தோட்டத்துல வெல போற சரக்கு கொழுந்து மட்டுந்தான்டா'ங்கிறாரு."

ஐயா என்றால் தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா. பறித்த தேயிலைக் கொழுந்தின் எடை சரியாக இருந்தால் அன்றைக்கு முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர் என்று நாட்சம்பளம் போடும் மகராசன்.

அந்நேரம் பார்த்து, தோட்டத்து ஆட்கள் வரிசை வீடுகளில் குடியிருக்கும் லயத்துப் பக்கம் அன்டன் வந்தான். பழைய தொரை பங்களாவை இப்போது ஓட்டலாக்கியிருந்தார்கள். அங்கே தங்கும் வெள்ளைக்காரர்களுக்குத் தோட்டத்தைச் சுற்றிக்காட்டுவது அவன் வேலை. பின்னால் குடையும் கையுமாக ஒரு கூட்டம்.

வீரய்யாவுக்கு மூளை வேலை செய்தது. செய்யாமலே இருந்திருக்கலாம்.

"உள்ள கூட்டிட்டு வா அன்டன்! நல்லாப் பாக்கட்டும். நாலு பேரு காறித் துப்புனா தொரைக்கு வெக்கம் வந்து தகரம் குடுப்பாரு."

ஒழுக்குக்கு வைத்திருந்த வாளியையும் எடுத்து ஒளித்துவைத்தான்.

வந்தவர்கள் உச்சுக்கொட்டினார்கள். படம் பிடித்தார்கள். ஒரு வெள்ளைக்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மறுநாள் இன்னும் பெரிய கூட்டம் வந்தது. தகரம் மட்டும் வரவில்லை.

"வெக்கம் பத்தல போல" என்று, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியால் ஓட்டையைப் பெரிசாக்கினான் வீரய்யா.

"பைத்தியமா ஒங்களுக்கு?"

"கொஞ்சம் பொறுத்துக்கடி. பெரிய ஓட்டைக்குப் பெரிய தகரம் தந்துதானே ஆகணும்!"

அடுத்த வாரம் வேன் பிடித்து வந்தார்கள். இழுப்பு, பிள்ளையின் நெஞ்சுக்கூட்டைத் தூக்கித் தூக்கிப் போட்டது. அதையும் படம் பிடித்தார்கள், பாவிகள்.

வீரய்யாவுக்கு இப்போதுதான் பயம் பிடித்தது.

"நாசமாப்போன தகரமும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்!"

கொழுந்து பறிக்கையில் தனுஜா நனையாமலிருக்க இடுப்பில் கட்டும் படங்குச் சீலையை விரித்து ஓட்டையை மூடினான். ஒழுக்கு நின்றது. பல நாளைக்குப் பிறகு பிள்ளை கண்ணசந்தாள். தனுஜா அவள் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதாள்.

விடிந்தால் வாசலில் லொறி. லொறி நிறையப் புதுத் தகரம்!

"பாத்தியாடி! சாமி கண்ணத் தொறந்திருச்சு!" என்று வீரய்யா குதித்தான்.

லொறியில் வந்தவர்கள் மளமளவென்று முற்றத்தில் கம்பு நட்டு, அதன்மேல் தகரத்தை அடித்தார்கள். அடியில் வரிசையாக நாற்காலி போட்டார்கள். ஒருவன் வீட்டுக் கூரையில் ஏறிப் படங்கை உருவிக் கீழே போட்டான்.

"கங்காணிண்ணே! என்னாண்ணே இது? என் கூர அங்கிட்டில்ல இருக்கு!"

"கொட்டாய் ஒனக்கில்லடா, பாக்க வர்றவங்க நனையாம இருக்கிறதுக்கு" என்றார் கங்காணி நல்லமுத்து.

"அப்ப எம்புள்ள? நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போயிட்டா, நனையிற புள்ளைய யாருண்ணே பாப்பா?"

"நீங்க இனி மலைக்குக் கொழுந்தெடுக்கப் போக வேணாம் வீரய்யா. கண்டாக்கையா ஒங்களுக்கு வீட்டுலயே பேரு போடச் சொல்லிட்டாரு. புள்ளைக்கு இழுத்தா முழுப்பேரு, இழுக்கலைன்னா அரப்பேருதான்."